உள்ளே புடைக்கும் குழாய்

மூளையிலும் இதயத்தருகிலும் ரத்தக் குழாய் புடைத்துக்கொள்வது பலருக்குத் தெரியாமலே நடக்கிறது. வெடித்தால் மணிக்கணக்கில் முடிவு தெரிந்துவிடும். பாலக்காடு, இடுக்கி எல்லை மலைகளில் அந்த மணிகள் சாலையிலேயே செலவாகின்றன.

ரஜினிகாந்த் 2024 செப்டம்பர் 30 அன்று சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அடுத்த நாள் வந்த அறிக்கை சுருக்கமானது. இதயத்திலிருந்து வெளியேறும் பிரதான ரத்தக் குழாயில் வீக்கம் இருந்தது. அறுவை சிகிச்சை இல்லாமல், குழாய் வழியாகவே உள்ளே போய் டாக்டர் சாய் சதீஷ் ஸ்டென்ட் ஒன்றைப் பொருத்தி வீக்கத்தை அடைத்துவிட்டார். சில நாட்களில் ரஜினி வீடு திரும்பினார். அக்டோபர் 10ல் 'வேட்டையன்' வெளியானது. பாலக்காட்டிலும் மூணாறிலும் தமிழ்ப் படத்துக்கு என்றும் இருக்கும் கூட்டம் கொட்டகைகளுக்குத் திரும்பியது.

ஆனால் அந்தச் சில நாட்களில் எல்லைக்கு இரு பக்கமும் கேட்கப்பட்ட கேள்விக்கு யாரும் நிறுத்தி நிதானமாகப் பதில் சொல்லவில்லை. ஹார்ட் அட்டாக் இல்லை, அடைப்பும் இல்லை என்றால், வீக்கம் என்பது என்ன? இதயக் குழாய் கூடவா கால் மாதிரி வீங்கும்?

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் சொல்தான். மருத்துவர்கள் 'அனியூரிசம்' என்கிறார்கள். அகலமாதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தமிழ்ப் பத்திரிகைகள் அவசரத்துக்கு 'ரத்தக் குழாய் வீக்கம்' என்று எழுதுகின்றன. மொழிபெயர்ப்பை வயிற்றுப்பாடாகக் கொண்டவனுக்கு அந்தச் சொல் உறுத்துகிறது. வீக்கம் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது அடிபட்ட முழங்கால். வலிக்கும், சூடாக இருக்கும், ஒத்தடம் கொடுத்தால் வடியும். அனியூரிசம் இதில் எதையும் செய்யாது. பெரும்பாலும் வலிக்காது. தானாக வடியாது. 'புடைப்பு' என்பதே உண்மைக்குப் பக்கத்தில் வருகிறது.

சைக்கிள் வைத்திருந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். டயர் ஓரிடத்தில் தேய்ந்துவிட்டால், காற்றடித்ததும் உள்ளே இருக்கும் டியூப் அந்த இடத்தில் முட்டை போல வெளியே தள்ளும். வண்டி ஓடும். மாதக்கணக்கில்கூட ஓடும். ஒரு நாள் ஏற்றத்தில் மிதிக்கும்போது 'டப்'. தமனியின் சுவரும் அடுக்கடுக்கானதுதான். நடுவில் இருக்கும் தசையும் மீள்சக்தி இழைகளும் பலவீனப்பட்ட இடத்தில், நிமிடத்துக்கு எழுபது முறை வந்து மோதும் ரத்தம் சுவரை வெளியே தள்ளுகிறது. சுவர் விரிய விரிய மெலிகிறது. மெலிய மெலிய அழுத்தம் தாங்கும் சக்தி குறைகிறது. பலூன் ஊதும்போது தொடக்கத்தில் கன்னம் வலிப்பதும், கொஞ்சம் பெரிதானபின் எளிதாக ஊத முடிவதும் இதே கணக்கில்தான்.

மூளையில்

மூளையின் அடிப்பாகத்தில் தமனிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு வளையம் அமைக்கின்றன. 1664ல் அதை விவரித்த ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் பெயரால் அது வில்லிஸ் வளையம். ஆறு கிளை பிரியும் இடத்தில் கரை அரிப்பது போல, இந்த வளையத்தில் குழாய்கள் கிளை பிரியும் முனைகளில்தான் புடைப்புகள் தோன்றுகின்றன. காம்பில் தொங்கும் சிறு பழம் போன்ற வடிவம். பெரும்பாலானவை சில மில்லிமீட்டர் அளவே.

எத்தனை பேருக்கு? வெளிநாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் நூறு பெரியவர்களில் சுமார் 3 பேருக்கு என்கிறார்கள். போடியிலிருந்து பூப்பாறைக்கு ஏறும் பஸ்ஸில் ஐம்பது பேர் இருந்தால் அதில் ஒருவரோ இருவரோ. அவர்களில் பெரும்பாலோர் அதைச் சுமந்தபடியே முதுமை எய்தி வேறு காரணத்தால் இறந்துபோவார்கள். இந்தியாவில் இது குறைவு என்றொரு நம்பிக்கை நெடுங்காலம் இருந்தது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1950ல் நரம்பியல் அறுவை சிகிச்சையைத் தொடங்கிவைத்த டாக்டர் பி. ராமமூர்த்தியே 1960களின் இறுதியில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். சி.டி. ஸ்கேன் மாவட்டத் தலைநகரங்களுக்கு வந்தபிறகு, கண்டுபிடிக்கப்படும் எண்ணிக்கை கூடிவிட்டது. முன்பு 'திடீர்னு தலைவலின்னா, விழுந்தா, போயிட்டா' என்று மூன்று சொல்லில் முடிந்த சாவுகளில் எத்தனை இந்தக் கணக்கில் சேர்ந்திருக்க வேண்டியவை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

வெடிப்பது அரிது. உலக அளவில் ஆண்டுக்கு லட்சம் பேரில் பத்துக்கும் குறைவானவர்களுக்கே நேர்கிறது. ஆனால் வெடித்தால் கருணை கிடையாது. மூளையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறைக்கு அடியில் ரத்தம் பரவுகிறது. பத்தில் ஒருவருக்கு மேல் மருத்துவமனை வாசலையே மிதிப்பதில்லை. மொத்தத்தில் மூன்றில் ஒருவரையாவது இழந்துவிடுகிறோம். பிழைத்தவர்களிலும் பலருக்கு நினைவாற்றல், பேச்சு, வேலைத்திறன் என்று ஏதாவது ஒன்று குறைந்துபோகிறது. இதயநோய் போல இது முதியவர்களைத் தேடிப் போவதும் இல்லை. நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்டவர்கள், அதிலும் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். எஸ்டேட்டில் பேர் பதிந்து கொழுந்து கிள்ளும் பெண்களின் வயது அதுதான். குடும்பத்தின் சம்பளமும் அவர்களுடையதுதான்.

அடையாளம் ஒன்றே ஒன்றுதான் முக்கியம். தலைவலி. ஆனால் எல்லாத் தலைவலியும் அல்ல. வழக்கமான ஒற்றைத் தலைவலி மெல்லத் தொடங்கி அரை மணி, ஒரு மணி என்று ஏறும். இது ஒரு நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய்விடும். தலையில் கட்டையால் அடித்தது போல, இடி விழுந்தது போல என்று பிழைத்தவர்கள் சொல்கிறார்கள். வாழ்க்கையில் இப்படி ஒரு வலி வந்ததே இல்லை என்பார்கள். கூடவே வாந்தி, வெளிச்சம் பார்க்க முடியாமை, கழுத்து விறைப்பு, சிலருக்குச் சிறிது நேரம் நினைவு தப்புதல், வலிப்பு. வெடிப்பதற்கு முன்பே புடைப்பு பக்கத்து நரம்பை அழுத்தினால் ஒரு பக்கக் கண்ணிமை தொங்கிப்போகும், அந்தக் கண்ணின் பாப்பா விரிந்துவிடும். அது கிடைத்தற்கரிய முன்னெச்சரிக்கை. கண் டாக்டரிடம் போய் சொட்டு மருந்தோடு திரும்புவதற்கான விஷயமல்ல.

பற்றும் மாத்திரையும்

மலையில் தலைவலிக்கு வைத்தியம் நிறைய. சுக்கை உரைத்துப் பற்றுப் போடுவார்கள். 'தலையில நீர் கோத்துக்கிச்சு' என்று நீர்க்கோவை மாத்திரையைக் குழைத்து நெற்றியில் தடவுவார்கள். பனியும் சாரலும் ஓயாத ஊரில் நீர் கோத்துக்கொள்வது நம்பக்கூடிய காரணம்தான். நூறில் தொண்ணூற்றொன்பது முறை அதுவே உண்மையும்கூட. சிக்கல் அந்த நூறாவது முறையில்தான். படித்த டாக்டர்களும் ஏமாறுகிறார்கள். இந்த ரத்தக் கசிவு தொடக்கத்தில் மைக்ரேன், சைனஸ், ரத்த அழுத்தம், கழுத்து எலும்புத் தேய்வு என்று தவறாகக் கணிக்கப்படுவது அமெரிக்க மருத்துவமனைகளிலேயே பதிவாகியிருக்கிறது. அப்படித் தவறிப்போகிறவர்களில் பலர், நடந்தே வந்து தெளிவாகப் பேசியவர்கள். சிறிய கசிவு தானாகவே உறைந்து அடைபட்டுக்கொண்டதால்தான் நடந்துவந்தார்கள். அந்த அடைப்பு பிய்த்துக்கொண்டு மறுபடி ரத்தம் பீறிடும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம். இரண்டாம் கசிவு முதலாவதைவிடக் கொடியது.

ஆகவே மெடிக்கல் ஷாப் மாத்திரை இங்கே வெறும் காலதாமதம் மட்டும் அல்ல. ஆஸ்பிரின் ரத்தம் உறைவதைக் குறைக்கும். உறைந்து நின்ற ஒரே தடுப்பையும் பலவீனப்படுத்தும்.

எல்லைப் பகுதிக்கே உரிய இன்னொரு சிக்கல் மொழி. தமிழும் மலையாளமும் அக்காள் தங்கை என்பதால் புரிந்துவிடும் என்று நினைக்கிறோம். பாதி புரிவதுதான் ஆபத்து. நமக்கு 'வலி' என்றால் நோவு. மலையாளத்தில் 'வலி' என்பது இழுப்பது. புகை பிடிப்பதும் வலிதான், மூச்சிரைப்பு 'வலிவு'. நோவுக்கு அங்கே 'வேதன'. நாம் 'மயக்கம் போட்டு விழுந்தா' என்று சொன்னால் நினைவு தவறியது என்று அர்த்தம். மலையாளத்தில் 'மயக்கம்' பெரும்பாலும் அரைத்தூக்கம். சாய்ந்து படுத்தவருக்கும் நினைவு தப்பியவருக்கும் உள்ள வித்தியாசம் இந்த நோயில் உயிருக்கும் சாவுக்கும் உள்ள வித்தியாசம். தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் பக்கத்து டாக்டர்களும் நர்சுகளும் தமிழ் பழகியவர்கள். அவர்களிடம் இந்தத் தடுமாற்றம் குறைவு. கோட்டயத்துக்கோ எர்ணாகுளத்துக்கோ அனுப்பப்பட்ட நோயாளிக்குத்தான், அவசரப் பிரிவில் இரவுப் பணியில் இருக்கும் இளம் டாக்டரிடம் எந்தச் சொல் போய்ச் சேர்கிறது என்பது முக்கியமாகிறது.

இரண்டு வரைபடங்கள்

மூளைக்குள் ரத்தம் கசிந்ததைக் காட்டச் சி.டி. ஸ்கேன் போதும். தலைவலி தொடங்கிய 6 மணி நேரத்துக்குள் நவீன கருவியில் எடுத்து, தேர்ந்தவர் பார்த்தால் கிட்டத்தட்ட எதுவும் தப்பாது. நேரம் ஆக ஆக ரத்தம் கரைந்து, படத்தில் மங்கும். பிறகு முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதிக்க வேண்டியிருக்கும். 6 மணி நேரம் என்பது சென்னைக்காரருக்குத் தாராளம். வட்டவடையில் மாலை ஏழு மணிக்குத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவருக்கு?

இடுக்கி கேரளத்தின் மிகப்பெரிய மாவட்டங்களில் ஒன்று. ரயில் பாதை கிடையாது. மூணாறிலிருந்து எர்ணாகுளம் சுமார் 130 கி.மீ.; தேனி சுமார் 85 கி.மீ. தேனிக்குப் போகும் வழியில் போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவுகள். மழைக்காலத்தில் மண் சரிவு. 2019ல் கேப் ரோடு சரிந்தபோது அந்த வழியே அடைபட்டுப்போனது. மழை இல்லாத காலத்தில் யானை. மூணாறில் அடிக்கடி சாலையை மறித்து நிற்கும் பெரிய ஆண் யானைக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'படையப்பா'. ரஜினி படத்தின் பெயர்தான். அது சாலையை விட்டு இறங்கும்வரை ஆம்புலன்ஸும் காத்திருக்க வேண்டியதுதான்.

இடுக்கிக்கு அரசு மருத்துவக் கல்லூரி 2014ல் கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில் வசதிக்குறைவு காரணமாக அங்கீகாரம் போனது. மாணவர்கள் வேறு கல்லூரிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். மறுபடி 2022ல்தான் சேர்க்கை தொடங்கியது. 1951ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் எஸ்டேட் மருத்துவ வசதியைக் கட்டாயமாக்கியதால், மூணாறில் டாடாவின் மருத்துவமனை போல முதலுதவிக்கு நல்ல இடங்கள் உருவாயின. ஆனால் மூளைத் தமனியைத் திறந்து பார்க்கும் வசதியை ஒரு தோட்ட மருத்துவமனையிடம் எதிர்பார்க்க முடியாது. பீர்மேடு பக்கத்தில் 2000ம் ஆண்டில் நிர்வாகம் கைவிட்டுப் போன தோட்டங்களின் லயங்களில் வாழ்பவர்களுக்கு அந்த டிஸ்பென்சரியும் இல்லாமல் போனது.

பாலக்காட்டின் கதை வேறு. இங்கே மலையே வாசல் விட்டிருக்கிறது. வாளையாறிலிருந்து கோவை அரை மணி, முக்கால் மணி நேரம். கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரத்துக்காரர்கள் பொள்ளாச்சியையோ கோவையையோதான் நம்பியிருக்கிறார்கள். அட்டப்பாடிக்காரர்களுக்கு ஆனைகட்டி வழியாகக் கோவை. பாலக்காட்டில் 2014ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அந்தப் பக்கம் திருச்சூர் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இருந்தாலும் 'கோயமுத்தூர் ஆஸ்பத்திரி' என்ற பழக்கம் போகவில்லை. பரம்பிக்குளத்தின் நிலைதான் விசித்திரம். ஊர் பாலக்காடு மாவட்டத்தில். ஆனால் பஸ் போகும் சாலை சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத் தமிழ்நாட்டுக்குள்தான். கேரளத்துக்காரர் கேரளத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் தமிழ்நாட்டைச் சுற்றித்தான் போக வேண்டும்.

நோயாளியின் மனதில் இருக்கும் வரைபடம் மேற்கிலிருந்து கிழக்காக, உறவும் மொழியும் இருக்கும் பக்கமாகக் கீழே இறங்குகிறது. குமுளிக்காரருக்குக் கம்பமும் தேனியும் மதுரையும். மறையூர்க்காரருக்குச் சின்னாறு தாண்டி உடுமலை. அரசாங்கத்தின் வரைபடம் கிழக்கிலிருந்து மேற்காக, கோட்டயத்துக்கும் எர்ணாகுளத்துக்கும் அனுப்புகிறது. இரண்டு பக்கமும் ஏழைகளுக்கு அரசுக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆனால் கவுண்டரில் முதல் கேள்வி, அட்டை எந்த மாநிலத்தது என்பதுதான். தினமும் விடியற்காலையில் கம்பம், போடி பக்கத்திலிருந்து ஜீப்பில் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஏறி மாலையில் இறங்கும் பெண்களுக்கு வேலை ஒரு மாநிலம், ரேஷன் கார்டு இன்னொரு மாநிலம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லை மூடப்பட்டபோது இந்த இரண்டு வரைபடங்களுக்கும் நடுவில் ஒரு கோடு இருப்பதைப் பலர் முதன்முறையாக உணர்ந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து எழுபது பேர் பலியானபோது, செய்தி வெளியே எட்டவே மறுநாள் காலை ஆனது. தொலைபேசியும் மின்சாரமும் அற்றுப்போயிருந்தன. மூளைத் தமனி வெடிக்கும் இரவு மழை இரவாகவும் இருக்கலாம்.

கிளிப்பும் கம்பிச்சுருளும்

சிகிச்சையின் வரலாறு நூறு வருடம்கூட ஆகாதது. லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் 1927ல் ஊசி மூலம் சாயத்தைச் செலுத்தி மூளைத் தமனிகளை எக்ஸ்ரேயில் காட்டினார். (அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது இதற்காக அல்ல; மனநோயாளிகளின் மூளை நரம்புகளை வெட்டும், இன்று கைவிடப்பட்ட அறுவை சிகிச்சைக்காக. பரிசுக் குழுக்களின் ஞானம் இப்படித்தான்.) அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வால்டர் டாண்டி 1937 மார்ச்சில் ஒரு வெள்ளிக் கிளிப்பைப் புடைப்பின் கழுத்தில் மாட்டி ரத்தம் உள்ளே போகாமல் தடுத்தார். மண்டை ஓட்டைத் திறந்து, மைக்ராஸ்கோப்பின் கீழ் கிளிப் மாட்டும் அந்த முறை, உலோகமும் கருவியும் மாறினாலும், இன்றும் தொடர்கிறது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜோ பைடனுக்கு 1988ல், அவர் செனட்டராக இருந்தபோது, பிப்ரவரியிலும் மே மாதத்திலும் இப்படி இரண்டு அறுவை சிகிச்சைகள் நடந்தன. அதற்குப் பிறகு அவர் வாழ்ந்த அரசியல் வாழ்க்கை ஊரறிந்தது.

இரண்டாவது வழி மண்டையைத் திறக்காதது. இத்தாலியரான குய்டோ குக்லியெல்மி கலிபோர்னியாவில் 1990ல் முதல் நோயாளிக்குச் செய்தது: தொடையின் தமனியில் நுழைத்த மெல்லிய குழாயை மூளை வரை கொண்டுபோய், புடைப்புக்குள் தலைமுடி போன்ற பிளாட்டினக் கம்பியைச் சுருள் சுருளாக நிரப்பிவிடுவது. நிரம்பிய இடத்தில் ரத்தம் உறைந்து, புடைப்பு செயலற்றுப் போகும். எது மேல்? பிரிட்டன் தலைமையில் 2143 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2002ல் வெளியானது. ஓராண்டு கழித்து இறந்தோ பிறர் உதவியின்றி வாழ முடியாமலோ இருந்தவர்கள் கிளிப் போட்டவர்களில் 30.6 சதவீதம், சுருள் வைத்தவர்களில் 23.7 சதவீதம். அதற்குப்பின் சுருள் முந்திக்கொண்டது. ஆனால் புடைப்பின் இடம், வடிவம் பார்த்துக் கிளிப்பே மேல் என்று சொல்லும் நோயாளிகள் இன்றும் இருக்கிறார்கள்.

மூன்றாவது வழி வலைக்குழாய். புடைப்பைத் தொடாமல், அதன் வாயைக் கடந்து செல்லும் தமனிக்குள் நெருக்கமாகப் பின்னிய வலைக் குழாயை வைத்து, ரத்த ஓட்டத்தை நேராகத் திருப்பிவிடுவது. வாய்க்காலில் மடை மாற்றுவது மாதிரி. இந்தக் கருவி இந்தியாவில் தயாராகவில்லை. இறக்குமதி விலை ஏழைக்கு எட்டாதது. திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகம் இதற்கொரு இந்திய வடிவத்தை உருவாக்கியது. அதற்கான நிட்டினால் என்ற நிக்கல்-டைட்டானியக் கலவையைக் கொடுத்தது பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகம். விமானத்துக்கென ஆராய்ந்த உலோகம் மூளைக்குள் போகிறது. தொழில்நுட்பத்தைப் புனேயின் பயோராட் மெடிசிஸ் நிறுவனத்துக்குக் கொடுத்த அறிவிப்பு 2020ல் வந்தது. வெறும் அறிவிப்போடு நின்றுவிடாது என்று நம்பச் சித்திரைத் திருநாள் கழகத்தின் பழைய வரலாறு இடம் கொடுக்கிறது. டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் அங்கே உருவான செயற்கை இதய வால்வு 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டு, இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் போயிருக்கிறது. வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார்.

கசிவை அடைத்துவிட்டால் முடிந்தது என்றும் இல்லை. நாலாவது நாளிலிருந்து இரண்டு வாரம் வரை, சிந்திய ரத்தத்தின் எரிச்சலால் மற்றத் தமனிகள் சுருங்கி மூளையின் வேறு பகுதிகள் பட்டினி கிடக்கலாம். அதைக் குறைக்க நிமோடிபின் மாத்திரையை நாலு மணிக்கொரு தடவை 21 நாள் கொடுக்கிறார்கள். 'ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது, ஏன் இன்னும் விட மாட்டேங்கிறாங்க' என்று வார்டு வராந்தாவில் புலம்பும் உறவினர்களுக்கு இந்தக் காரணத்தை யாராவது சொன்னால் பாதிச் சண்டை குறையும்.

இதயத்தில்

'ஹார்ட் அனியூரிசம்' என்று பொதுவாகச் சொல்வதில் குறைந்தது மூன்று வேறு நோய்கள் அடங்கியிருக்கின்றன.

முதலாவது, மகா தமனியின் புடைப்பு. இதயத்திலிருந்து கிளம்பி, மார்பில் வளைந்து, வயிறு வரை இறங்கும் பெரிய குழாய் இது. ரஜினிக்கு இருந்தது இந்த வகை. வயிற்றுப் பகுதியில் சாதாரணமாக 2 செ.மீ. அகலம் இருக்கும் குழாய் 3 செ.மீ. ஆகிவிட்டால் புடைப்பு; 5.5 செ.மீ. நெருங்கும்போது ஆண்களுக்கு அறுவை அல்லது ஸ்டென்ட் பற்றிப் பேச்சு தொடங்குகிறது. மூளைப் புடைப்புக்கு நேர்மாறாக இது ஆண்களை, புகைபிடிப்பவர்களை, அறுபதைத் தாண்டியவர்களை அதிகம் தேடுகிறது. புகழ்பெற்ற நோயாளி ஐன்ஸ்டீன். டாக்டர் ருடால்ஃப் நிஸன் 1948ல் அவர் வயிற்றைத் திறந்து, புடைத்த குழாயைச் செலோபேன் காகிதத்தால் சுற்றிவைத்தார். அன்று இருந்த வழி அதுதான். அதோடு ஐன்ஸ்டீன் ஆறு வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். 1955 ஏப்ரலில் கசியத் தொடங்கியபோது மறு அறுவையை மறுத்துவிட்டு இறந்தார். பிரெஞ்சு ஜனாதிபதியாக இருந்த டிகாலும் 1970ல் இதே வெடிப்பில்தான் போனார். தொடை வழியாகக் குழாய் அனுப்பி ஸ்டென்ட் வைக்கும் முறையை அர்ஜென்டினாவில் ஹுவான் பரோடி 1990ல் தொடங்கினார். ரஜினி சில நாட்களில் வீடு திரும்பியது அந்தக் கண்டுபிடிப்பின் புண்ணியம்.

இதற்கு நெருங்கிய உறவு, மகா தமனியின் உட்சுவர் கிழிந்து ரத்தம் அடுக்குகளுக்கு நடுவே புகுந்துகொள்வது. மார்பிலோ, தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகிலோ கிழிப்பது போன்ற வலி. மாரடைப்பு என்று நினைத்து ரத்தம் கரைக்கும் ஊசி போட்டுவிட்டால் விபரீதம். மலையடிவாரத்துச் சிறிய மருத்துவமனையில் ஈ.சி.ஜி. சரியாக இருந்தும் வலி அடங்கவில்லை, இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தம் வேறுபடுகிறது என்றால் இந்தச் சந்தேகம் வர வேண்டும். இதயத்தை ஒட்டிய பகுதியில் கிழிந்தால் ஆரம்பத்தில் மணிக்கு மணி நூறில் ஒருவர், இருவர் என்று இழக்க நேரும். இந்தத் துறையின் தந்தைகளில் ஒருவரான மைக்கேல் டிபேக்கி, தானே வகுத்த அறுவை சிகிச்சையைத் தன் 97வது வயதில், 2006ல், தன் சீடர்கள் கையால் செய்துகொள்ள நேர்ந்தது. பிழைத்து இரண்டு வருடம் இருந்தார்.

இரண்டாவது, இதயத்தின் அறையே புடைப்பது. பெரிய மாரடைப்பில் இறந்த தசை வடுவாகி, ஒவ்வொரு துடிப்பிலும் சுருங்குவதற்குப் பதில் வெளியே பிதுங்கும். இது வெடிப்பது குறைவு. உள்ளே ரத்தக்கட்டி சேர்ந்து மூளைக்குப் போவது, துடிப்பு தாறுமாறாவது, இதயம் களைப்பது ஆகியவையே தொல்லை. மாரடைப்பு வந்தவுடன் அடைப்பை நீக்குகிற இடங்களில் இது குறைந்துகொண்டே வருகிறது. தாமதமாக வந்து சேர்பவர்களுக்குத்தான் அதிகம். மறுபடியும் சாலைக் கணக்கு.

மூன்றாவது குழந்தைகளுக்கு. ஜப்பானிய டாக்டர் தொமிசாகு கவாசாகி 1967ல் விவரித்த காய்ச்சல் நோயில், இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் புடைக்கின்றன. ஐந்து நாளுக்கு மேல் விடாத காய்ச்சல், சிவந்த கண், வெடித்த உதடு, செம்புற்றுப்பழம் போன்ற நாக்கு, பிறகு விரல் நுனியில் தோல் உரிதல். சிகிச்சை இல்லாவிட்டால் நாலில் ஒரு குழந்தைக்குப் புடைப்பு வரலாம். பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் ஊசி போட்டால் இது நூறில் சில என்ற அளவுக்கு இறங்கிவிடும். 'அம்மை' என்று வேப்பிலையோடு வீட்டிலேயே வைத்திருந்தால் அந்தப் பத்து நாளும் போய்விடும்.

யார் தேட வேண்டும்

இதைப் படித்துவிட்டு எல்லோரும் ஸ்கேன் எடுக்க ஓட வேண்டியதில்லை. சொல்லப்போனால் அது கெடுதல். ஏழு மில்லிமீட்டருக்குக் கீழே உள்ள மூளைப் புடைப்புகளில் பெரும்பாலானவற்றைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் மருத்துவம். அதை அடைக்கும் முயற்சியிலேயே பக்கவாதம் வரும் சிறு அபாயம் உண்டு. தலைக்குள் ஒன்று இருக்கிறது என்ற நினைப்போடு வாழ்வதும் ஒரு நோய். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் இரண்டு பேருக்கு வெடித்திருந்தால், அல்லது பரம்பரையாகச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் நிறைந்த நோய் இருந்தால், மூளைத் தமனியைப் பார்க்கலாம். அசாதாரண உயரமும் நீண்ட விரல்களும் கொண்ட மார்ஃபான் குடும்பத்தவர் எக்கோ எடுத்துக்கொள்ள வேண்டும். புகைபிடித்துப் பழகிய, 65 வயதைத் தாண்டிய ஆண்களுக்கு ஒரே ஒரு முறை வயிற்று அல்ட்ராசவுண்ட் போதும். சாதாரண ஸ்கேன் சென்டர்களில் உள்ள கருவிதான்.

மற்றவர்களுக்கு மலிவான காரியங்கள் இரண்டு. பீடியை விடுவது, ரத்த அழுத்தத்தை அளந்து மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிடுவது. 'இப்ப நல்லாத்தானே இருக்கேன்' என்று மாத்திரையை நிறுத்துவது மலையிலும் சமவெளியிலும் ஒன்றுபோல நடக்கிறது.

இடி விழுந்தது போலத் தலைவலி வந்தவரை என்ன செய்வது? ஒன்றும் சாப்பிடக் கொடுக்க வேண்டாம். தலை சற்று உயர்ந்திருக்கும்படி, நினைவில்லாவிட்டால் ஒருக்களித்துப் படுக்கவைத்து வண்டியில் ஏற்றவும். எந்த ஆஸ்பத்திரி என்று வாதம் செய்ய நேரமில்லை. சி.டி. ஸ்கேன் இருக்கும் மிக அருகாமை மருத்துவமனைக்கு முதலில். கிளிப்போ சுருளோ வைக்கும் இடத்துக்கு அங்கிருந்து. எடுத்த படத்தின் நகலையும் சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் எடுத்த ஸ்கேனை அந்தப் பக்கம் மறுபடி எடுத்துக் காசும் நேரமும் போவது நிறைய நடக்கிறது. வண்டி கிளம்புவதற்குமுன் ஒரு துண்டுச் சீட்டில் தலைவலி தொடங்கிய நேரத்தை மணி, நிமிடத்தோடு எழுதுங்கள். கூடவே நினைவு தப்பியதா, எவ்வளவு நேரம் என்பதையும். 'மயக்கம்' என்று எழுதாமல் 'கூப்பிட்டும் பதில் இல்லை' என்று எழுதுங்கள்.